உருக்குத் தட்டும் அரைத் தேசிக்காயும்

என்னிடம் ஒரு லேத் இருக்கிறது. இரும்பைச் சுழலவிட்டு, உளியால் சீவிச் சீவி உருளையாக்கும் இயந்திரம். பட்டறைகளில் நிற்கிற ஆனைக்குட்டிகளை நினைக்க வேண்டாம். இது தையல் மிசினுக்குத் தம்பி. மனைவியின் தம்பி கனடாவிலிருந்து வந்தபோது, "பொழுதுபோக்குக்கு வைச்சிருங்கோ அத்தான்" என்று தந்துவிட்டுப் போனது. கந்தோர் மேசையில் நான் நாள்முழுக்கச் செய்வதே பொழுதுபோக்குவதுதான் என்பது அவனுக்குத் தெரியாது.

லேத்துக்கு ஒரேயொரு குறை, அதன் முதுகெலும்பு. உளியைத் தாங்கும் வண்டில் இரண்டு உருண்டைக் கம்பிகளின்மேல் ஓட வேண்டும். இரும்பைத் தொட்டதும் உளி நடுங்கும், கம்பி வளையும், மேசை அழும். உருளை கேட்டால் ஒரு பக்கம் கூம்பிய கரட் கிழங்கு தரும்.

இந்த இலட்சணத்தில்தான், மனைவியின் தண்ணீர் இறைக்கிற மிசின் பழுதானபோது நான் வாயைக் கொடுத்தேன். கண்டாவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவாவின் மிளகாய்த் தோட்டம். பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம். மிசினுக்குள் சுழலும் தண்டைச் சுற்றிப் பிடிக்கிற பித்தளைப் புஸ் தேய்ந்துவிட்டது. மிசின் பழசு. கிளிநொச்சிக் கடைகளில் அதற்குப் புஸ் இல்லை.

"வவுனியாவிலை குடுத்தா உடனை கடைஞ்சு தருவினமாம்," என்றா மனைவி.

"வீட்டிலை லேத்தை வைச்சுக்கொண்டு வவுனியாவுக்கோ? ஊர் சிரிக்காதோ?"

"ஊர் இப்பவும் சிரிச்சுக்கொண்டுதானே இருக்கு, இஞ்சருங்கோ."

அவா வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனா. நான் பித்தளைத் துண்டைப் பூட்டிக் கடைந்தேன். கரட். இன்னொன்று கடைந்தேன். அதுவும் கரட், கொஞ்சம் வளைந்த சாதி.

உடனே எனக்கு ஞானம் பிறந்தது. பிழை என்னிலல்ல, கம்பிகளில். அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு உருக்கில் ஒரு அடித்தட்டுப் போட்டால் லேத் அசையாது. செடிகள் வாடிக்கொண்டிருக்க, புஸ் கடைவதை விட்டு லேத்தையே திருத்தப் புறப்பட்டேன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனுக்குக் குவளை வார்க்கப் போனவனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். என் மனைவி பார்த்திருக்கிறா.

வவுனியாவில் பழைய இரும்புக்கடையில் கைநீளத் தடித்த உருக்குத் தட்டு ஒன்று கிடைத்தது. அதை நெளுக்குளத்தில் எல்லாரும் நானா என்கிற முஸ்லிம் அண்ணரின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் அதைச் சாணைக்கல்லில் அரைத்து, முகம் பார்க்கிற கண்ணாடி போல மட்டமாக்கித் தந்தார். தேய்ந்த புஸ் என் சேட்டுப் பைக்குள்தான் இருந்தது. காட்டியிருந்தால் நான் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் கடைந்து கையில் தந்திருப்பார். அதனால்தான் காட்டவில்லை.

"எண்ணெய் பூசியிருக்கேன் தம்பி. துடைச்சிடாதீங்க. பச்சைப்பிள்ளை மாதிரி, ஈரம் பட்டாக் கறள் பிடிச்சிடும்," என்றார் நானா.

"எனக்குச் சொல்றியளே நானா!" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்ததில் நம்பிக்கை குறைவாக இருந்தது.

தட்டோடு பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் மறித்தார்.

"அண்ணை, சண்டையிலை போன தண்டவாளத்தை இப்பத்தானே திரும்பப் போட்டவங்கள். அதுக்குள்ள கழட்டிப்போட்டியளோ?"

பஸ் முழுக்கச் சிரித்தது. பெருமையோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தட்டில் துளை போட்டு, இரும்பைப் பிடித்துச் சுழற்றும் லேத்தின் தலையை ஒரு முனையில் பூட்டி, வண்டிலை ஏற்றினேன். நெய்யில் விட்டதுபோல ஓடியது. அந்த மணித்தியாலமே புஸ்ஸைக் கடைந்திருக்கலாம். ஆனால் அடுத்த நாள் சரஸ்வதி பூசை தொடக்கம், மூன்று நாள். புது உருக்கு, முதல் வெட்டு. பூசையில் வைக்காமல் தொடலாமோ?

"வைச்சா விஜயதசமிவரைக்கும் தொடேலாது. செடி அதுவரைக்கும் நிக்குமோ?" என்றா மனைவி.

"ஆயுதத்துக்கு மரியாதை வேணும்."

"அப்ப எனக்கு?" என்று வாளியைக் காட்டினா. நான் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். காதில் விழாத தூரம்.

தட்டில் பொட்டு வைத்தால் ஒட்டவில்லை. எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போனது. பொட்டில்லாமல் பூசையா? நானாவின் எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், கடைசிச் சொட்டுவரை. பிறகு சந்தனம் பொட்டுப்பொட்டாக நின்றது. தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பாதியையும் தட்டின் தலைப்பக்கத்தில் வைத்தேன். உருண்டன. என் பொறியியல் மூளை விழித்தது. கவிழ்த்து வைத்தேன். அசையவில்லை. தீர்த்தமும் தாராளமாகத் தெளித்தேன்.

விஜயதசமி காலை தேசிக்காய்களைத் தூக்கினால், தூக்க வரவில்லை. பிய்த்தெடுத்தேன். கண்ணாடியாய் இருந்த தட்டில் இரண்டு கறுத்த வட்டம். சுற்றிவரச் சந்தனப் பொட்டுக்கு ஒன்றாகக் கறள். புளி உருக்கைத் தின்றிருந்தது. பூசையில் வைத்ததை நடுவில் தொடக்கூடாதென்பதால் ஆற அமர இருந்து தின்றிருந்தது.

எமரித்தாள் எடுத்துத் தேய்த்தேன். கறள் போனது, மட்டமும் போனது. பொட்டுகள் போன தடம் தெரியவில்லை, வட்டங்கள் இரண்டும் குழியாகிவிட்டன. வண்டில் அங்கே வந்ததும் மாட்டுவண்டில் போல இறங்கி ஏறியது. தலைக்குப் பக்கத்தில்தானே சின்னச் சாமான் எல்லாம் கடைய வேண்டும். உளி அந்த இடத்தில் புஸ்ஸுக்கு இடுப்பு வைத்தது.

மனைவி வந்து பார்த்தா. கையில் வதங்கிய செடியொன்று, வேரோடு. ஒரு வரிசை போய்விட்டது. ஏசுவா என்று காத்திருந்தேன். அவா குனிந்து தட்டைத் தடவிப் பார்த்தா.

"குழி இந்தப் பக்கம் மட்டும்தானோ?"

"ஓம்."

"அம்மி ஒரு பக்கம் தேஞ்சா நான் என்ன செய்யிறனான்? தலைமாட்டைக் கால்மாடாக்கிப் போட்டு அரைக்கிறன். இதுக்கும் மந்திரம் ஓதவேணுமோ?"

தட்டைத் திருப்பினேன். மற்ற முனையில் புதிதாகத் துளை போட்டுத் தலையைப் பூட்டினேன். குழிகள் இரண்டும் வால்பக்கம் போய்விட்டன, வண்டில் அங்கே போகத் தேவையில்லை. எண்ணெயைத் தாராளமாகப் பூசினேன். பித்தளை உளியில் மெல்லிய நூலாக உரிந்து வந்தது. நடுக்கமில்லை, அழுகையில்லை. புஸ் தலையிலும் காலிலும் ஒரே பருமன். மூன்று தரம் அளந்தேன், சந்தோஷத்தில்.

பூட்டினோம். மிசின் இருமி, புகைவிட்டு, பிறகு ஒரே சீராகப் பாடியது. குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து வாய்க்காலில் ஓடியது. காய்ந்த மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. நான் கிணற்றுக்கட்டில் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தைக்காக நின்றேன்.

மனைவி கணுக்காலளவு தண்ணீரில் நின்றபடி திரும்பிப் பார்த்தா.

"என்ன சிலை மாதிரி நிக்கிறியள்? மண்வெட்டியை எடுங்கோ. கடைசி வரிசைக்குத் தண்ணி போகேல்லை."

எடுத்தேன். போய் வாய்க்காலைத் திருப்பினேன்.