இருபது பல் சக்கரம்

மொசைக் தரையில் ரிமோட் வண்டி ஓடும்போது எழுந்த அந்தக் கீச்சொலி, யாரோ விடாமல் சாக்பீஸால் பலகையில் கோடு இழுப்பதுபோல, கேட்கிறவர் பல்லைக் கூசவைக்கும். உள்ளே இரண்டு பல்சக்கரங்களும் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டால் வருகிற சத்தம் அது. தினக்காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து நடுவே நுழைத்து, திருகை இறுக்கி, தாளை உருவிவிட்டால் இடைவெளி சரியாகிவிடும். அந்த வேலை என்னுடையது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே "எருமை, இறுக்கமா வச்சிட்ட பாரு" என்று திட்டுகிற வேலை என் தம்பி வினோத்துடையது.

அவனுக்குத் தசைகள் கரைகிற நோய். காலில் தொடங்கி மேலே ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து வயதில் நடை நின்றுபோனது. பிரான்சுப் பட்டாளத்தில் இருந்ததால் தெருவில் எல்லோரும் "சொல்தா" என்று அழைத்த எங்கள் பெரியப்பா, ஒரு விடுமுறைக்கு வந்தபோது, மேடு பள்ளமெல்லாம் ஏறுகிற அந்த வண்டியையும், மோட்டாரில் மாற்றி மாற்றி மாட்டுவதற்கான சின்னப் பல்சக்கரங்கள் நிறைந்த ஒரு பொட்டலத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். பல் கூடினால் வேகம் கூடும், இழுவை குறையும், மோட்டார் சூடேறும். பல் குறைந்தால் வண்டி மெல்லப் போகும், ஆனால் எந்த மேட்டையும் ஏறிவிடும். வினோத் இதைச் சீக்கிரமே கரைத்துக் குடித்துவிட்டான். இருபது பல் போட்டு முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் வண்டியை விட்டானென்றால் பையன்கள் அத்தனை பேரும் பின்னால் ஓடுவார்கள். இவன் வாசலில் இருந்துகொண்டு "ஓடுங்கடா சோம்பேறிங்களா" என்று எகத்தாளம் பண்ணுவான். "போன ஜென்மத்துப் பாவம்" என்று எங்கள் காதுபடவே உச்சுக்கொட்டிய தெரு அது. வண்டி ஓடுகிற நேரத்தில் மட்டும் அவனை யாரும் பாவம் என்று பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் நோய் விரலுக்கு வந்தது. ரிமோட்டின் விசையை விடவேண்டிய இடத்தில் விரல் சட்டென்று விடாது. வண்டி சுவரில் மோதும், எதிர்வீட்டுக் குடத்தைச் சாய்க்கும். "பதினாறு போடு" என்றான். பிறகு பதினாலு. பிறகு பன்னிரண்டு. நானும் ஒவ்வொன்றாய்க் கழற்றி மாற்றிக்கொடுத்தேன். அந்தச் சமயம் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால், "இந்தப் பள்ளத்துல பெரிய பல்லு போட்டா மோட்டாரு பூடும்டா" என்று பையன்களிடம் சொல்ல அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது. எப்போதுதான் ரோடு போடுவார்களோ என்று தெருவே புலம்பிக்கொண்டிருக்க, நான் மட்டும் போடவே கூடாது என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

போட்டுவிட்டார்கள். வழவழவென்று சிமெண்ட் ரோடு. அது காயும்வரை வண்டியை வெளியே எடுக்கவில்லை. காய்ந்ததும் பையன்கள் வந்து நின்று, "இப்ப இருபது போடு வினோத்து!" என்று கத்தினார்கள். அவன் "போடு" என்றான். வேண்டாம் என்று அம்மாவிடம் போய் முணுமுணுத்தேன். "கேக்கறான்ல, போடுடி. கை இருக்கற வரைக்கும்தான் ஆட்டம்" என்றாள் அம்மா.

போட்டேன். விசையில் விரலை வைத்தான். வண்டி அசையவில்லை. விரல் வெளுத்தது, உதடு கோணியது, விசை நகரவே இல்லை. சும்மா இருந்த அந்தச் சில வாரங்களில் கொஞ்சநஞ்சம் இருந்த பலமும் போய்விட்டது எங்கள் யாருக்கும் தெரியாது. பையன்களில் ஒருவன், குமார், என்னவென்று பார்க்கக் கிட்டே வந்து வினோத்தின் கைமேல் குனிந்தான்.

"மோட்டாரு பூடுச்சுடா" என்றான் வினோத்.

குமார் என்னைப் பார்த்தான். "ஆமா, கருகிப் போச்சு" என்றேன். அய்யய்யோ, எவ்வளவு நல்ல வண்டி என்று வண்டிக்காக வருத்தப்பட்டுக்கொண்டே எல்லோரும் கலைந்து போனார்கள். அவனுக்காக ஒருவனும் உச்சுக்கொட்டவில்லை. "பேட்டரிய கழட்டிடு" என்றான் என்னிடம். அதன்பிறகு வண்டியைக் கேட்கவே இல்லை. இரண்டு மழைக்காலம் கழித்துப் போய்ச் சேர்ந்தான். பாவி நோய்! நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த வாசலைக் கார் நிறுத்துவதற்காக இடித்தாயிற்று. பையன்கள் கூட்டமாக ஓடுகிற தெருவும் இல்லை இப்போது. போன மாதம் என் மகன் பரணிலிருந்து வண்டியை எடுத்துப் புதுப் பேட்டரி மாட்டினான். விர்ரென்று தெருமுனைவரை போய்த் திரும்பியது. அரியாங்குப்பத்துக்குக் குடிபோய்விட்ட குமார், சவாரி இறக்க வந்தவன், ஆட்டோவை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, இதோட மோட்டாரு அன்னிக்கே பூடுச்சுல்ல?"

"வேற மோட்டார் போட்டிருக்கோம்டா" என்றேன்.