வியாழக்கிழமை டாக்டர்கள்

தம்பிக்குத் தலைவலி தொடங்கியது மார்கழியில் என்பது என் கணக்கு. பொங்கலுக்குப் பிறகுதான் என்பாள் அவன் மனைவி. வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் விடிகாலையில் அவன் வாசலோரம் குனிந்து வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் பூசணிப்பூ செருகிய சாணி உருண்டை இருந்தது. ஆகவே மார்கழிதான். வேலூர் ஆஸ்பத்திரியில் இதை விளக்கிச் சொன்னபோது சிஸ்டர் ஒருவர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை டாக்டர் மட்டும், எந்த மாதமாக இருந்தாலும் மூளையில் கட்டி அதற்கு வெகு முன்பே வந்திருக்கும் என்றார். அதற்குப் பிறகு நானும் அவளும் மாதத்தைப் பற்றிச் சண்டை போடவில்லை.

தம்பி ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் செலக்‌ஷன் மேசையில் நிற்பவன். பதப்படுத்தி வந்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட கீறல் எல்லாவற்றையும் பார்த்து, பின்பக்கத்தில் நம்பர் போடுவான். ஒன்றாம் நம்பர் வெளிநாட்டு ஷூவுக்கு. ஆறு, ஏழு என்று போய்க் கடைசியில் வருவது ரிஜெக்ட்.

மாசியில் ஆபரேஷன் நடந்தது. கட்டி மூளைத்தண்டோடு ஒட்டியிருந்ததால் கொஞ்சத்தை உள்ளேயே விட வேண்டியதாயிற்று. பெரியவர்களுக்கு அபூர்வமாக வரும் கட்டி அது, பெயர் எபெண்டிமோமா. இதற்கென்றே அங்கே ஒரு குழு இருந்தது. எங்கள் பக்கத்தில் வியாதிக்கு ஒரு டாக்டர்; அவர் கை ராசியில்லை என்றால் இன்னொருவர். இங்கேயோ ஆபரேஷன் செய்தவர், கதிர் சிகிச்சை தருபவர், மருந்து தருபவர், எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தவர், ஸ்கேன் படிப்பவர், விழுங்கப் பழக்குபவர், நடக்கப் பழக்குபவர் என்று எல்லாரும் வியாழக்கிழமை மதியம் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே ஆளின் படத்தைப் பார்த்தார்கள். அத்தனை பேரையும் எங்களோடு இணைத்தவர், அன்று என் மார்கழியைக் குறித்துக்கொண்ட சிஸ்டர்தான்.

பங்குனியில் ஒரு வியாழன் மாலை எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். மூளைக்குள் நீர் ஓடும் வழியின் லைனிங்கில் வருகிற கட்டி இது, கிரேடு மூன்று என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். மூன்று என்றால் மோசம் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதமாகக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். தம்பியோ சிரித்தான்.

வெளியே வந்ததும் மனைவியிடம் சொன்னான்: "மூணுன்னா ஷூ மேல்தோலுக்குப் போவாது, உள் லைனிங்குக்குப் போவும். வேஸ்ட்டுன்னு சொல்லல பாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்று முதல்முறையாகக் கேன்டீனில் சாப்பிட்டாள். ஊருக்குத் திரும்பியதும் மேசையில் அவனுக்கு எதிரே நிற்கிற சாயபு பார்க்க வந்தார். "இன்னா தோஸ்த், மூணாம் நம்பருக்குப் போயி பேஜாராவுற? மூணாம் நம்பர் சரக்க வித்துத்தான் நம்ம மொதலாளி மாடி வீடு கட்டினாரு" என்றார். வீடே சிரித்தது. டாக்டர் விளக்கிச் சொன்னதையெல்லாம் அந்த ஒரு நம்பர் மூடிவிட்டது. கட்டிக்கு கிரேடு நான்கோடு முடிந்துவிடும் என்பதை சிஸ்டர் பிறகு தம்பியிடமும் அவன் மனைவியிடமும் தனியே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் வீட்டில் மூன்று மூன்றாகவே இருந்தது.

கதிர் சிகிச்சை கத்திரி வெயிலோடு முடிந்தது. ஆடியில் மேசைக்குத் திரும்பினான். நின்றபடி வேலை செய்ய முடியாமல் ஸ்டூல் போட்டுக்கொண்டான். தோலில் தழும்பு கொஞ்சம் இரட்டையாகத் தெரிகிறது என்று சாயபுவிடம் சொன்னானாம், எங்களிடம் சொல்லவில்லை.

கார்த்திகை தீபத்தன்று அகல் ஏற்றப் படியேறியவனுக்குக் கால் எழவில்லை. அந்த வார ஸ்கேனில், முதுகுத்தண்டு நெடுக அரிசி இறைத்ததுபோலப் புள்ளிகள். மறுபடி ஒரு வியாழன். இந்த முறை எங்களைக் கூப்பிட வெகுநேரம் ஆயிற்று. வாதாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாதம் இருந்தால் வழியும் இருக்கும்.

எல்லாரும் ஒன்றே சொன்னார்கள். மறுபடி தலையைத் திறந்தால் பேச்சும் விழுங்குவதும் போய்விடும். மறுபடி கதிர் வைத்தால் மூளைத்தண்டு தாங்காது. மருந்து இந்தக் கட்டியில் அநேகமாக வேலை செய்வதில்லை. சென்னைக்குக் கொண்டுபோகட்டுமா என்று தம்பி மனைவி கேட்டாள். படங்களைச் சென்னைக்கும் மும்பைக்கும் அவர்களே ஏற்கெனவே அனுப்பிக் கேட்டிருந்தார்கள். பஞ்சாயத்தில் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒருவராவது நம் பக்கம் பேசுவார். இங்கே ஒருவரும் இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை. கதிர் சிகிச்சை டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தம்பி கேட்டான். "சார், ரிஜெக்டா?"

ஆபரேஷன் டாக்டருக்குப் புரியவில்லை. தோல் ஊரான வாணியம்பாடியைச் சேர்ந்த சிஸ்டர், அவர் தோல் கம்பெனி ஆள் என்று மெல்லச் சொன்னார்.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். "உங்கள இல்ல. எங்ககிட்ட இருக்கிற வைத்தியத்தத்தான் வேணான்னு வெச்சிருக்கோம்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்றான் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. மேசையில் நம்பர் சொல்கிற குரல் அது.

நான் படித்த நாவல்களில் சாகப்போகிறவர்கள் ஏதாவது ஓர் உண்மையைக் கண்டடைகிறார்கள். தம்பி எதையும் கண்டடையவில்லை. அவனுக்கு வாந்தி வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. ஆம்புலன்ஸில் அலைய வேண்டாம், நாங்களே வருகிறோம் என்று குழுவில் சொல்லிவிட்டதால் இப்போது வாரம் ஒருமுறை வீட்டுக்கு வேன் வருகிறது. சிஸ்டர் இறங்கி மூக்குக் குழாயைப் பார்க்கிறார், முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார், வலி மருந்தைக் கூட்டுகிறார். ஆஸ்பத்திரியே வீடு தேடி வருகிற யோகம் யாருக்குக் கிடைக்கும் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை கட்டுப் போட்டு முடித்து முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்த சிஸ்டரிடம் தம்பி மனைவி துண்டை நீட்டினாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நேத்து கூட்டத்துல இவர் பேரு வந்திச்சா சிஸ்டர்?"

சிஸ்டர் துண்டை வாங்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"இல்லம்மா. ஏதாவது செய்ய முடியிறவங்க பேருதான் அங்க வரும்."

அவள் தலையாட்டினாள். கஞ்சி ஆறிவிட்டது என்று சொல்லி, குழாயில் விடுவதற்கு முன் சூடு பண்ண அடுக்களைக்குப் போனாள். முற்றத்தை ஒட்டிய அறையில் தம்பி விழித்துத்தான் இருந்தான்.