நான் கொடுத்த பராதி

பாறசாலை டுடோரியலில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரிக் காலம் முதல் கட்சிக்காரன். கொடி கட்டல், சுவரெழுத்து, எதற்கும் மறுத்ததில்லை. நான் காதலித்தவன் வயரிங் வேலைக்காரன். நாங்கள் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு வெறும் கூட்டுக்காரர்கள், சிநேகிதர்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பூவார் போகும் வழியில், ஆற்றுக்கரையில் பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவன் தலை என் தோளில் இருந்தது. அவ்வளவுதான். போலீஸ் ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. எங்கள் போன்களைப் பிடுங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஸ்டேஷனில் ஒரே கேள்விதான்.

"உங்க கூட்டத்துல வேற யாரெல்லாம் உண்டு? பேரைச் சொல்லு."

இருவரும் வாய் திறக்கவில்லை. உடனே அவனுடைய அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வழக்கு ஒன்றுமில்லை, போட இன்று சட்டமும் இல்லை. சாயங்காலம் அண்ணன் வந்தார். என்னைப் பார்க்காமல் அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் கிளைச் செயலாளரிடம் போய், போலீஸ் மேல் பராதி கொடுக்கப்போவதாகச் சொன்னேன்.

"ஆட்சி நம்மளதாக்கும் மக்கா. நம்மளே புகார் கொடுத்தா எதிர்க்கட்சிக்காரன் சும்மா இருப்பானா?"

"சகாவே, நான் செஞ்சது குற்றமா?"

"குற்றம்னு நான் சொன்னேனா? எலக்சன் கழியட்டு."

எந்த எலக்சன் என்று கேட்கவில்லை. இங்கே ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

போலீஸ் மேலதிகாரிக்கு நானே எழுதிக் கொடுத்தேன். அதை விசாரிக்க அவர் அனுப்பியது அதே ஸ்டேஷனுக்கு. அதே எஸ்.ஐ. என்னை வரவழைத்து, டைப் செய்த ஒரு தாளை என் முன்னால் தள்ளினார். நாங்கள் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தோமாம். புத்தி சொல்லி அனுப்பினார்களாம்.

"நான் குடிக்கவே மாட்டேன் சார்."

"ஒப்பிட்டா தீர்ந்து. உன் கூட்டுக்காரன் நேத்தே ஒப்பிட்டாச்சு."

அடியில் அவன் கையெழுத்து, தமிழில். அண்ணன் கூடவே வந்து நின்றிருப்பார். நான் போடவில்லை. போடாமலே பராதியை முடித்துவிட்டார்கள். அதன்பிறகு நான் கிளைக் கூட்டத்துக்குப் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

போன மாசம் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். பக்கத்தில் அண்ணன்.

"கிளாஸ் எல்லாம் நடக்குதா சாரே?" என்றான். என்னை எலே என்று தவிர வேறு மாதிரி அழைத்தறியாதவன்.

"நடக்குது" என்றேன். காட்டாக்கடை பஸ் வந்தது. அண்ணன் அவனை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார்.