மல்லாக்க வைத்த தொப்பி

டென்மார்க்கின் ஒடென்சேயில் என்னோடு வேலை செய்யும் லார்ஸ், மழையில் நனைந்த தன் ஆஸ்திரேலியத் தொப்பியை வேலையிடச் சாப்பாட்டு மேசையில் மல்லாக்க வைத்தான். ஈர முயல்மயிரின் மணம் மூக்கில் ஏறியது. அது அப்பாவின் மணம்.

அப்பாவுக்கும் அப்படியொரு தொப்பியைச் சிட்னியிலிருந்து பெரியப்பா அனுப்பியிருந்தார். முயல்மயிரை நீராவியில் அமுக்கி, கையால் வளைத்துச் செய்தது. நாங்கள் அப்போது இருந்த ஸ்கீவ ஊரில் எவ்வளவு மழை பெய்தாலும் தலையில் ஒரு சொட்டு இறங்காது. விளிம்பு நெளிந்தால் அப்பா தண்ணீர் கொதிக்கும் கேத்தில் ஆவியில் காட்டி விரலால் நீவுவார். "கவிட்டு வைச்சால் விளிம்பு சப்பளிஞ்சு போகும், பிள்ளை" என்று எங்கேயும் மல்லாக்கத்தான் வைப்பார்.

ஒருநாள் நாங்கள் உட்கார்ந்திருந்த ரயில் நிலைய வாங்கிலும் அப்படித்தான் வைத்தார். கடந்து போன ஒரு பெண் அதற்குள் ஒரு காசைப் போட்டுவிட்டு, எங்களைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தாள்.

"ஓடிப்போய்க் குடு. அப்பா வேலைக்குப் போறவர் எண்டு சொல்லு" என்றார் அப்பா.

எட்டு வயதில் எனக்கு அதைச் சொல்லுமளவுக்கு டேனிஷ் தெரியும். ஆனால் அவள் என் கன்னத்தைத் தட்டி, நீயே வைத்துக்கொள் என்றதும், அப்பா சொன்னதைச் சொல்லாமல், நன்றி மட்டும் சொல்லிவிட்டுக் காசோடு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அப்பா தொப்பியைக் கவிழ்த்தே வைத்தார். விளிம்பு சப்பளிந்து போனது.

இப்போது லார்ஸைச் சுற்றி ஐந்து பேர். எங்கே வாங்கினாய், தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். அதே மாதிரித் தொப்பிதான், அதே மாதிரி மல்லாக்கத்தான் கிடக்கிறது. ஒருவருக்கும் அதற்குள் காசு போடத் தோன்றவில்லை. எனக்குத்தான் ஒரு காசைப் போடக் கை துடிக்கிறது.