விசில் வராத வாய்

பல் துலக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து வேலைக்குக் கிளம்பிவிட்டேன். கடலூர் ரோட்டில் ஓடும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர்.

தவளக்குப்பத்தில் மீன் கூடையோடு ஏறிய அம்மாவுக்கு டிக்கெட் கொடுத்தபோது கண் சிமிட்டியிருக்கிறேன். வலது கண் மட்டும் மூடியிருக்கிறது.

"இன்னா கண்டக்டரே, காலையிலயே கண்ணடிக்கிற?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். அந்த அம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. "ஐயய்யோ, வாயி கோணிக்கினு போவுதே! ஆஸ்பத்திரிக்குப் போப்பா."

விசிலை வாயில் வைத்தேன். காற்று இடப்பக்கமாக ஒழுகியது, சத்தமே இல்லை.

பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பில் வீக்கம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை ஒட்டிவைக்க பிளாஸ்திரி. கண்ணாடி பார்த்து முகப்பயிற்சி வேறு. எனக்கு ஒரே கவலைதான். விசில் ஊத முடியாத கண்டக்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்?

முத்தியால்பேட்டை வீட்டில் இருந்த கண்ணாடி ரசம் போனது. அதில் என் கோணல் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் எரிந்து விழுந்தேன். என் மனைவி அதைப் பிடுங்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "என்னப் பாரு. நான் பண்றத நீ பண்ணு."

புருவத்தைத் தூக்கினாள், கன்னத்தை உப்பினாள், உதட்டைக் குவித்தாள். நான் பாதி முகத்தால் செய்தேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வெளியே ஐப்பசி மழை. விடியுமுன் போய் இருட்டியபின் திரும்புகிறவன், அவள் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. புருவத்துக்குள் ஒரு மச்சம் இருந்தது.

"இது எப்ப வந்துது?"

"பொறந்ததுலேர்ந்து கீது. இப்பதான் தெரியுதா ஒனக்கு?"

இன்று பஸ்ஸில் கூட்டம் நெருக்கும்போது அந்த மழைநாட்களுக்கு மனசு ஏங்குகிறது.

அப்போது ஒருநாள் சாயங்காலம், ஊதிப் பார்த்த விசில் வீறிட்டது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நான் துள்ளிக் குதித்தேன்.

"நாளைக்கே வேலைக்குப் போயிடுவியா?" என்றாள்.

"பின்ன?"

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ம்ஹூம், இன்னும் சரியா வரல. ஒக்காரு, மறுபடியும் பண்ணலாம்."

உட்கார்ந்தேன்.