இறால்களுக்குப் பசிக்கிறதென்று

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் தொலைபேசியில் புகார் கேட்பது அவள் வேலை. தண்ணீர் ஒழுகுகிறது, மெஷின் நடுக்கூடம்வரை நடந்து வருகிறது, ரிப்பேர் ஆள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று நாள் முழுக்க யார் யாரோ காதில் கத்துவார்கள். அவள் மட்டும் குரலை உயர்த்தக் கூடாது. கணவன் அவளைச் செல்லமாக 'புகார் மேடம்' என்பான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் உட்காருவது ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டிக்கு எதிரில்தான். உள்ளே நன்னீரில் வளரும் சிவப்பு இறால்கள். பெரியதே சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். சத்தம் போடாத ஜீவன்கள் என்பதற்காகவே வாங்கி வந்தாள்.

“வாணலியில போட்டா எண்ணெய்ச் செலவுக்கே கட்டாது. இதுக்கு விளக்கு வேறயா?” என்று மாமியார் முதலில் சிரித்தார். ஆனால் பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவர் அவர்தான். மெல்ல மெல்ல அவருடைய நாற்காலியும் தொட்டிப் பக்கம் நகர்ந்தது.

ஒரு நாள் மாலை அவள் வந்தபோது தொட்டித் தண்ணீர் பால் கலந்ததுபோல் கலங்கியிருந்தது. இறால்கள் முண்டியடித்து மேலே ஏறப் பார்த்தன. சில அடியில் வெளுத்துக் கிடந்தன. பாசிக்கு நடுவே ஊறிப்போன பிஸ்கட்.

“யாரு போட்டது? கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா? ஒரு வேலைய உருப்படியாச் செய்யத் தெரியாதா உங்களுக்கு?”

கத்தி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. காலையில் ஒரு வாடிக்கையாளர் அவளைத் திட்டிய அதே வார்த்தைகள், அதே தொனி.

மாமியார் எழுந்து நின்றார். “பசிக்குதுன்னு நெனச்சேம்மா. எப்பப் பாத்தாலும் கைய வாய்க்குக் கொண்டுபோயிட்டே இருக்குதுங்க. நீ ஒரு சிட்டிகை போட்டுட்டுக் கிளம்பிடுற. பாவமா இருந்துச்சு.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “அதுங்க நாள் பூரா பாசிய மேஞ்சுட்டுத்தான் இருக்கும் அத்தை. நான்தான் சொல்லாம விட்டுட்டேன். உங்கள இப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“அதெல்லாம் அப்புறம். இப்ப என்ன செய்யணும், சொல்லு.”

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மிச்சமும் போய்விடும். நல்லவேளை, முதல் நாள் பிடித்து வைத்த தண்ணீர் வாளியில் இருந்தது. அவள் மெல்லிய டியூபால் பிஸ்கட் கூழை உறிஞ்சி எடுக்க, மாமியார் டம்ளரால் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தார். நடுவில் வந்த கணவன் “சாப்பாடு?” என்று வாயெடுத்தான். “அடுப்புல இருக்கு!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

பாதிக்கு மேல் செத்துப்போயின. அதன்பின் மாமியார் தொட்டிப் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை. அவள்தான் ஒரு நாள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். பிழைத்தவற்றில் ஒன்று வயிற்றுக்கடியில் மஞ்சள் முட்டைகளைச் சுமந்து, காலால் விசிறிக்கொண்டிருந்தது.

“புள்ளத்தாச்சியா?” மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தார். “இதுக்கும் ஏதாவது ஆயிருந்தா…”

“ஆகலையே அத்தை.”

அடுத்த மாதம் ஒரு மதிய இடைவேளையில் அவளுக்கு ஃபோன் வந்தது. “குட்டிங்க வந்துடுச்சும்மா! இமைமுடி அளவுதான் இருக்கு. எண்ணலாம்னா ஒண்ணும் நின்னு தொலைய மாட்டேங்குது. சீக்கிரம் வா.”

“சாயந்தரம்தான் விடுவாங்க அத்தை.”

“சரி சரி, அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்” என்று மாமியார் அவசரமாக ஃபோனை வைத்தார்.