பதினோரு நொடி இருட்டு

அவளுடைய சொந்தப் பெயர் அந்தக் கட்டடத்தில் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் லைட்டக்கா. இருபது வருஷம் நாடக மேடைக்கு விளக்கு போட்டவள். போடுவதைவிட அணைப்பதில்தான் கெட்டிக்காரி என்று பேர். எந்த வசனத்தின் எந்தச் சொல்லில் இருட்டைக் கொண்டுவந்தால் கூட்டம் மூச்சை அடக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. நாடக அரங்கை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிய பிறகு, நாலு வருஷம் ஷோரூம்களில் செருப்புக்கும் பீங்கானுக்கும் விளக்கு அடித்துக்கொண்டிருந்தாள். கை வேலை செய்தது, மனசு ஒட்டவில்லை.

அப்போதுதான் ஒரு பழைய சரக்குக் கிடங்கை மீன் காட்சியகமாக மாற்றுகிறவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். தொட்டி தொட்டியாக அடுக்கி வைக்கிற காட்சியகம் இல்லை அது. உள்ளே வருகிறவர்கள் சரிவான பாதையில் இறங்கி, மழைத்துளி, ஓடை, ஆறு, முகத்துவாரம் என்று தண்ணீர் போகிற வழியிலேயே நடந்து, கடைசியில் கடலுக்குள் வந்து நிற்க வேண்டும். கடல் என்பது ஒரு வட்ட மண்டபம். சுற்றிலும் கண்ணாடி, தலைக்கு மேலும் கண்ணாடி. அந்தப் பக்கம் ஏழு திருக்கையும், கூட்டமாகவே திரிகிற நாலாயிரம் சின்ன வெள்ளி மீனும்.

மண்டபத்தில் என்ன செய்யலாம் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் அவள் சொன்னாள்: "எல்லாரும் உள்ள வந்ததும் மொத்தமா அணைச்சிடலாம். பதினோரு நொடி. அப்புறம் ஒரே பக்கத்துல இருந்து விடியற மாதிரி வெளிச்சம்."

ஏன் பதினொன்று என்று கேட்டார்கள். பத்தில் பயம் மட்டும்தான் வரும், பன்னிரண்டில் எவனாவது செல்போனை எடுத்துவிடுவான் என்றாள். சிரித்தார்கள். ஆனால் தண்ணீர் நிரப்பாத வெறும் தொட்டிக்குள் நூலில் வெள்ளித்தாள் துண்டுகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு அவள் செய்து காட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. வெளிச்சம் வந்த நொடியில் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளைவிடப் பத்து வயசு சின்னவர், லேசில் கலங்குகிற ஆள் இல்லை. மறுவாரமே ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள்: கடலுக்குள் பதினோரு நொடி.

மீன்கள் வந்து சேர்ந்து ஒரு மாதம் பழகிய பிறகு முதல் ஒத்திகை. அவள் மாடியிலிருந்த கேபினில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினாள். எண்ணினாள். வெளிச்சம் மெல்ல ஏறியபோது, நாலாயிரம் மீனும் ஒரே உடம்பாகத் திரும்பியதைத் திரையில் பார்த்தாள். வெள்ளித்தாளெல்லாம் இதற்குக் கால்தூசி பெறாது. கீழே கைதட்டல். மீன்களைப் பார்த்துக்கொள்கிற மீன்காரர் மட்டும் கைதட்டாமல் மண்டபத்தைவிட்டு வேகமாக வெளியேறினார். நல்ல நேரத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார் பார் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை தொட்டியின் மேல்தளத்தில் அவர் நீளக் கம்பு வலையோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வாளியில் செத்த மீன்கள். அறுபத்துமூன்று என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. புது இடம், இன்னும் பழகவில்லையோ என்று அவள் இழுத்தாள்.

"நீங்க மாடியில இருக்கீங்க, அங்க கேக்காது. ஒரு தடவை கண்ணாடிகிட்ட வந்து நில்லுங்க லைட்டக்கா. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

போகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் போகவில்லை. கேபிள் பார்க்கணும், பல்ப் மாத்தணும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். நாலாம் நாள் உதவியாளரைக் கேபினில் உட்காரவைத்துவிட்டு இறங்கி வந்து, கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து நின்றாள். இருட்டு விழுந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சத்தம், கை நிறைய அரிசியை அள்ளிக் கண்ணாடியில் வீசின மாதிரி. அது நிற்கவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தலைக்கு மேலே. உள்ளங்கையில் ஒவ்வொரு மோதலும் தனித்தனியாகத் தெரிந்தது. வெளிச்சம் வந்தபோது தண்ணீரில் செதில்கள் தூசி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு அழகாக அவை ஒரே உடம்பாகத் திரும்பியது எதனால் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மிரண்ட கூட்டம் அது.

இருட்டை இன்னும் மெதுவாகக் கொண்டுவரலாமா என்று மீன்காரரிடம் கேட்டாள். அரை மணி நேரமாவது வேண்டும், அப்போதும் நிலா வெளிச்சம் அளவுக்காவது ஏதாவது எரிய வேண்டும் என்றார். அரை மணி நேரம் எடுத்தால் அது பதினோரு நொடி இல்லையே. மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சின்ன மீன்தானே அக்கா. லாரி வாராவாரம் வருது. குறைஞ்சா நிரப்பிக்கலாம்."

அந்தப் பதிலைக் கேட்டதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வேறு யாரோ முடிவெடுத்துவிட்டார்கள், இனி தன் தலையில் இல்லை என்று. அந்த நிம்மதி வீட்டுக் கதவைத் திறக்கிறவரைதான் தாங்கியது. ஒரு நாளைக்கு எட்டுக் காட்சி, காட்சிக்கு அறுபது. ஒன்பது நாளில் மண்டபம் காலி. தட்டில் போட்டது ஆறிக்கொண்டிருந்தது. புருஷன் பஸ் ஓட்டுகிறவர், நாள் முழுக்க மற்றவர்கள் கத்துவதைக் கேட்டு வீட்டில் அதிகம் பேசாதவர். அவள் சொல்லி முடித்ததும், "அப்ப நிறுத்திடு" என்றார்.

"நான் சொன்னதுதாங்க அது. சுவரொட்டியில இருக்கிறது என் யோசனை. அதை எடுத்துட்டா எனக்கு அங்க என்ன வேலை?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா நீ மூணு நாளா தூங்கலைன்னு தெரியும்."

திறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருந்தது. இன்னும் இரண்டு முறை மேனேஜரிடம் போனாள். இரண்டாவது முறை அவர் அவளை மேடம் என்றார். அக்கா மேடம் ஆனால் கதவு சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம். மீன்காரர் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

விழா நாள் காலை எட்டு மணிக்கே அவள் கேபினுக்கு வந்துவிட்டாள். இருட்டுப் பொத்தானுக்குப் போகிற ஒயரைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு மண்டபத்தின் வெளிச்சத்தை மயிரிழை மயிரிழையாக இறக்க ஆரம்பித்தாள். அதற்கே இரண்டரை மணி நேரம் ஆனது. பதினோரு மணிக்கு விருந்தினர்கள் சரிவில் இறங்கி வந்தபோது மண்டபம் அந்தி நேரமாக இருந்தது. மீன்கள் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. 

மேனேஜர் கேபினுக்குள் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவருடைய வாசனைத் திரவியம் அந்தச் சின்ன அறையை அடைத்தது. ஏன் மண்டபம் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று கேட்டார். கீழே கடைசி ஆளும் உள்ளே வந்து கதவு சாத்தப்பட்டது.

"இப்போ" என்றார்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேடம், இப்போ."

திரையில் விருந்தினர்கள் அண்ணாந்து காத்திருந்தார்கள். அவர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து தானே பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினார்.

"அது வேலை செய்யாது சார். காலையிலயே கழட்டிட்டேன்."

"மாட்டுங்க."

"அஞ்சு நிமிஷ வேலைதான். ஆனா நான் செய்ய மாட்டேன்."

அவர் அவளைப் பார்த்த பார்வையை அவள் எத்தனை நாளானாலும் மறக்கவில்லை. அதில் கோபத்தைவிட நம்ப முடியாமைதான் அதிகம். உதவியாளருக்கு ஒயர் எங்கே போகிறது என்றே தெரியாது. கதவை அறைந்து சாத்திவிட்டு மேனேஜர் கீழே ஓடினார்.

திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் சலிப்பு. ஒருவர் கொட்டாவி விட்டார், இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். தலைமை விருந்தினர் அந்த இருட்டு எப்போது வரும் என்று கேட்டிருப்பார் போல, மேனேஜர் கைகளை விரித்து என்னமோ சமாளித்துக்கொண்டிருந்தார். நாலைந்து நிமிஷத்தில் பாதிப்பேர் வெளியே போய்விட்டார்கள். தோற்றுவிட்டோம் என்று அவள் நினைத்தாள். மிச்சம் இருந்தவர்களுக்குக் கண் அந்த மங்கலுக்குப் பழகத் தொடங்கியது. அதுவரை மணல் என்று நினைத்திருந்த இடத்திலிருந்து ஒரு திருக்கை எழுந்தது. சேலை கட்டிய பருத்த அம்மாள் ஒருத்தி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருவர்.  இருபது நிமிஷம் கழித்துக் காவலாளி வந்து அவர்களை எழுப்ப வேண்டியிருந்தது. 

மாதக் கடைசியில் அவளை அனுப்பிவிட்டார்கள். கடிதத்தில் ஒயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை; பணிக்காலம் நிறைவடைந்தது என்று மட்டும் இருந்தது. இருட்டைத் திரும்பக் கொண்டுவந்தால் தானும் போய்விடுவதாக மீன்காரர் சொன்னாராம். அவர் போனால் தொட்டியைப் பார்க்க ஆள் இல்லை, அதனால் விட்டுவிட்டார்கள். சுவரொட்டிகள் தானாகக் கிழிந்துபோயின.

இப்போது மறுபடியும் ஷோரூம்களுக்குத்தான் விளக்கு போடுகிறாள். ஒருநாள் பஸ் டிப்போவில் புருஷனுக்காகக் காத்திருந்தபோது பழைய நாடகக்காரர் ஒருவர் அவளை அடையாளம் கண்டு, செய்தது சரி என்று பாராட்டினார். அவள் தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் புருஷனிடம் உள்ளதைச் சொன்னாள்.

"அந்தப் பதினோரு நொடி மாதிரி ஒண்ணை என்னால இனிமே செய்ய முடியாதுங்க. செஞ்சதுலயே அதுதான் நல்லா வந்தது."

அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு கூட நடந்தார்.